பொடி கடைசி வேலை: சேலத்தில் பயறும் தானியமும் வண்டு விழாமல் வைக்க ஒரு வழிகாட்டி

தை, மாசியில் துவரையை அடித்து மூட்டை கட்டி வைத்தால், வைகாசிக்குள் சாக்கின் மேல் வண்டு ஊர ஆரம்பித்துவிடும். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் மானாவாரியில் துவரையும் மொச்சையும் தட்டைப்பயறும் போடுகிற வீடுகளில் இது பழகிப்போன இழப்பு. விதைக்கென்று ஒதுக்கி வைத்ததை ஆடிப்பட்டத்துக்குப் பிரித்தால் பாதிக்கு மேல் உளுத்துப்போயிருக்கும். இதற்குப் பயந்துதான் பலர் மூட்டைக்குள் மாத்திரை போடுகிறார்கள். அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதரைக் கொல்லும். ஆட்கள் படுத்துறங்கும் வீட்டுக்குள் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

நஞ்சில்லாத வழி ஒன்று உண்டு. கனிமத் தூளைத் தானியத்தோடு கலந்து வைப்பது. நம் ஊர்களில் சாம்பலும் செம்மண்ணும் காலம் காலமாகச் செய்துவந்த வேலையைத்தான், இன்று கயோலின் என்ற வெள்ளைக் களிமண், டயட்டமேசியஸ் எர்த் என்ற நுண்பாசி ஓட்டு மண் போன்ற தூள்கள் குறைந்த அளவில் செய்கின்றன. முதல்முறை முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பொடி கலப்பது இதில் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த பொடியைக் கொட்டினாலும் வீண்தான்.

பொடி வண்டை எப்படிக் கொல்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வண்டின் உடம்பு மேல் மிக மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பில் இருக்கிற நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அந்தப் படலம்தான். நுண்ணிய கனிமத் தூள் படிந்த தானியத்துக்குள் வண்டு ஊர்ந்து போகும்போது தூள் அதன் கால்களிலும் வயிற்றிலும் மூட்டு இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய தூள் மெழுகை உறிஞ்சி எடுக்கிறது. சில தூள்கள் மெழுகைச் சுரண்டவும் செய்கின்றன. படலம் போன இடத்தின் வழியாக உடம்பு நீர் வெளியேறுகிறது. உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீர் போய்விட்டால் வண்டு சாகிறது. பூச்சி உடலியலில் பெயர் பெற்ற வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் இந்த மெழுகுப் படலத்தையும் தூள் அதைக் கெடுப்பதையும் 1940களில் விளக்கிக் காட்டினார். நம் பக்கத்தில், 1950இல் தொடங்கிய மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், அந்தப் பத்தாண்டின் கடைசியிலேயே பதப்படுத்திய களிமண் தூள்களைத் தானிய வண்டுகள் மேல் சோதித்திருக்கிறார்கள்.

இதில் நஞ்சு என்று எதுவும் இல்லை. வண்டு தூளைத் தின்று சாகவில்லை, காய்ந்து சாகிறது. இதிலிருந்து நமக்கு வேண்டிய மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

முதலாவது ஈரம். தானியத்தில் ஈரம் இருந்தால், இழந்த நீரை வண்டு தின்னும் தீனியிலிருந்தே ஈடுகட்டிக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் உடம்பிலிருந்து நீர் வெளியேறும் வேகமும் குறைகிறது, தூளும் ஈரம் இழுத்துக் கட்டிபடுகிறது. ஆக, ஈரம் உள்ள இடத்தில் தூள் தோற்றுவிடும்.

இரண்டாவது நேரம். மருந்து அடித்ததுபோல உடனே விழுந்து சாகாது. சில நாள், சில வகைக்கு ஒன்றிரண்டு வாரமும் ஆகும். அதற்குள் வண்டுகள் நிலைகொள்ளாமல் மூட்டையின் மேல்பகுதிக்கும் டின்னின் விளிம்புக்கும் ஏறி வரும். பொடி போட்டதும் வண்டு அதிகமாகிவிட்டது என்று பதறிச் சிலர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொடி வேலை செய்வதன் அடையாளம் அது.

மூன்றாவது, தூள் தொட்டால்தான் சாவு. தானியத்துக்கு உள்ளே இருக்கிற புழுவைத் தூள் தொடாது. சோளத்திலும் அரிசியிலும் விழும் மூக்கு நீண்ட கூன்வண்டு, தானியத்தைக் குடைந்து உள்ளே முட்டை வைத்து மூடிவிடும். பயறு வண்டு விதையின் தோல் மேல் முட்டையை ஒட்டிவிடும். பொரிந்த புழு நேரே விதைக்குள் துளைத்துப் போய்விடும். இரண்டுமே வெப்பமான நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழு வண்டாக வெளியே வரும். அதுவரை உள்ளே பத்திரமாகத் தின்றுகொண்டிருக்கும்.

சமவெளியும் மலையும் ஒன்றல்ல

சேலம், ஓமலூர், சங்ககிரி வெயிலில் மாசி பங்குனியில் எதைப் பரப்பினாலும் காய்ந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனால் கதையே வேறு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை மாதங்களில் நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். நாகலூரிலும் செம்மநத்தத்திலும் காலையில் வறுத்து வைத்த கடலை மாலைக்குள் நமத்துப்போவதைப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போகும்போது தூள்களின் வீரியம் நன்றாகவே குறைகிறது. மலையில் பல மாதங்கள் அப்படித்தான் இருக்கும்.

எனவே மலையில் இருப்பவர்கள் அங்கே விளைந்ததையும் கீழேயிருந்து வாங்கிப் போவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாங்கிப் போகும் பயறைக் கீழேயே காயவைத்து, கீழேயே பொடி கலந்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்து மேலே கொண்டுபோவது நல்லது. மலையிலேயே செய்வதானால் பனி விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும் மாசி, பங்குனிதான் வேளை. ஐப்பசி மழையில் செய்தால் பொடிதான் வீணாகும்.

எதற்குப் பொடி வேண்டாம்

ராகிக்கு வேண்டாம். மணி முழுதாக இருக்கும்வரை ராகியை வண்டு அவ்வளவாகச் சீண்டாது. நன்றாகக் காய்ந்த ராகி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். சாமை, தினை போன்றவற்றை உமியோடு வைத்தால் அவையும் அப்படித்தான். மலைக்கிராமங்களில் மூங்கில் பின்னிச் சாணமும் மண்ணும் பூசிய தொம்பையில் பெரியவர்கள் இவற்றை உமியோடு கொட்டி வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் குத்தி எடுத்ததற்குக் காரணம் இதுதான். குத்திய சாமை அரிசியில்தான் சிவப்பு மாவு வண்டும் அந்துப்பூச்சிக் கூடும் வரும். இவ்வளவு சின்ன மணிகளுக்குப் பொடி போட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் பொடியும் கூடுதலாகத் தேவைப்படும், பிறகு அதைப் பிரித்தெடுப்பதும் சிரமம்.

மாவு, ரவை, ஜவ்வரிசி, வீட்டு அரிசி, இவற்றிலும் கலக்காதீர்கள். மாவிலிருந்து பொடியைப் பிரிக்க முடியாது. அரிசியை மாதத்துக்கு வேண்டிய அளவு வாங்கி, இறுக்கமான டப்பாவில் வைத்தாலே போதும்.

விற்பனைக்குப் போகும் சரக்கிலும் பொடி கூடாது. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் மண்டியில் கையை விட்டு அள்ளிப் பார்க்கிற வியாபாரி, தூள் படிந்த சரக்கைத் தள்ளிவிடுவார், இல்லையென்றால் விலையைக் குறைப்பார். தூள் கலந்த தானியம் வழுக்கி ஓடாது. அளவையில் எடையும் மாறித் தெரியும்.

பொடியின் உண்மையான இடம் இரண்டுதான்: அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கும் விதை, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆண்டு முழுக்க முழுசாக வைக்கும் பயறும் சோளமும். அதிலும் துவரையில் சாப்பாட்டுப் பங்கைச் சீக்கிரமே பருப்பாக உடைத்து வைத்துவிட்டால் பயறு வண்டின் தொல்லை பெருமளவு குறையும். அது முழு விதையைத்தான் விரும்பும். விதைப் பங்குக்கு மட்டும் பொடி போட்டால் வேலையும் செலவும் மிச்சம்.

முதல் வேலை: காயவைப்பது

பயறை 8, 9 சதவீத ஈரத்துக்கும், சோளம் மக்காச்சோளத்தை 12 சதவீதத்துக்கும் இறக்க வேண்டும். ஈரமானி உள்ள வீடு அரிது. அதனால் கையையும் பல்லையும் நம்பலாம். நன்றாகக் காய்ந்த துவரையைக் கடித்தால் 'டக்'கென்று உடையும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். குத்தாக அள்ளித் தகரத்தில் போட்டால் சலசலவென்று ஓசை கேட்கும்.

உப்புச் சோதனையும் உண்டு. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, நன்றாக உலர்ந்த தூளுப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அது பொடி போடும் நிலையிலேயே இல்லை. ஒட்டவில்லை என்றால் 15க்குக் கீழே என்று மட்டும்தான் பொருள். அதற்கு மேலும் இரண்டு மூன்று வெயில் காட்டிவிடுங்கள். மேகம் சூழ்ந்த நாளில் மலையில் இந்தச் சோதனை ஏமாற்றும், உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்து உடனே பயன்படுத்துங்கள்.

காயவைக்கும்போது தார்ச்சாலையில் பரப்ப வேண்டாம். சிமெண்ட் களமோ தார்ப்பாயோ போதும். மாலையில் பனி இறங்குவதற்கு முன்பே கூட்டி மூடிவிட வேண்டும். இரவில் திறந்து கிடந்தால் பகல் முழுக்க வாங்கிய வெயில் கைவிட்டுப் போகும்.

இரண்டாம் வேலை: உள்ளே இருப்பதைக் கொல்வது

இதைத்தான் புதிதாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பயறு வண்டு வீட்டில்தான் வருகிறது என்று நினைக்கிறோம். அது காட்டிலேயே, முற்றிய காயின் மேலேயே முட்டை வைத்துவிடுகிறது. களத்துக்கு வரும் துவரைக்குள் ஏற்கெனவே புழு இருக்கலாம். விதையை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள்: தோலில் வெள்ளையாக, கடுகைவிடச் சின்னதாக ஒட்டிய புள்ளி தெரிந்தால் அது முட்டை.

வெயிலை வைத்தே இதைத் தீர்க்கலாம். கீழே வைக்கோலோ சாக்கோ பரப்பி, அதன் மேல் கருப்பு பிளாஸ்டிக் விரிப்பு, அதில் பயறை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்துக் காற்றுப் போகாமல் அடைத்துவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்தால் முட்டையும் புழுவும் தப்பாது. விதைப்பயறு என்றால் அதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்த பயறுக்கே இதைச் செய்ய வேண்டும். ஈரப் பயறை மூடிச் சூடாக்கினால் வெந்துபோய் முளைப்பு கெடும். பிறகு நன்றாக ஆறவைத்துத்தான் அடுத்த வேலை. சூட்டோடு அடைத்தால் டின்னுக்குள் நீர் கோர்க்கும்.

கொஞ்சம் விதைதான் என்றால், காய்ந்தபின் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுப்பதும் அதே பலன் தரும்.

அப்புறம் முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, உடைசலையும் தூசியையும் நீக்குங்கள். மாவு வண்டு வாழ்வது உடைசலில்தான். தூசி நிறைந்த தானியத்தில் நீங்கள் போடும் பொடி தூசியோடு போய்ச் சேர்ந்துவிடும்.

எந்தப் பொடி

சேலத்தில் கனிமத்துக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட், கஞ்சமலையில் இரும்புத்தாது, சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட். அதனாலேயே சிலருக்கு, வெட்டிப்போட்ட குவியலிலிருந்து வெள்ளைத் தூளை அள்ளிக் கலந்தால் என்ன என்று தோன்றும். கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அந்தப் பாறையில் மேக்னசைட் மட்டும் தனியாக இல்லை. கருப்பூர் பக்கம் குரோமியத் தாதுவான குரோமைட்டும் அதே பாறைக் கூட்டத்தில் கிடக்கிறது. சாப்பிடும் பொருளில் சேர்ப்பதற்கு என்று பதப்படுத்திச் சோதித்த தூள் வேறு, கரட்டில் கிடக்கும் தூள் வேறு.

ஆக்டிவேட்டட் கயோலின் வெள்ளைக் களிமண்ணைப் பதப்படுத்தி உறிஞ்சும் திறனைக் கூட்டியது. பயறு விதைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு 100 கிலோவுக்கு 1 கிலோ. அதாவது 10 கிலோ விதைக்கு 100 கிராம். விதைப்பயறு வைக்கிற புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கணக்கு எளிது, அளவு கொஞ்சம் முன்பின்னானாலும் கெடுதல் இல்லை. எந்த வகை வாங்குவது என்று தெரியாவிட்டால் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டயட்டமேசியஸ் எர்த் என்பது டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் நீரடியில் படிந்து உண்டான மண். உள்ளே நுண்துளைகள் நிறைந்தது என்பதால் மெழுகை நன்றாக உறிஞ்சும். அளவு மிகக் குறைவாகவே போதும்: டன்னுக்கு 1 கிலோவிலிருந்து 2 கிலோ வரை, அதாவது 10 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். பொட்டலத்தில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும். இதில் மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: உணவுத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்க வேண்டும். நீச்சல் குளத்து வடிகட்டிக்கு விற்கும் வகை உயர் வெப்பத்தில் சுட்டது. சுடும்போது சிலிக்காவின் பெரும்பகுதி படிகமாக மாறிவிடுகிறது. படிகச் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைக் கொண்டுவரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

எல்லா வண்டும் ஒரேபோல் சாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கூன்வண்டு ஓரளவு எளிதில் சாகும். மாவு வண்டும், உருளை உடம்போடு தானியத்தைச் சல்லடையாக்கும் துளைப்பானும் இதற்கு எளிதில் மசியாதவை. அவை ஏற்கெனவே புகுந்த சரக்கைப் பொடியால் மீட்கலாம் என்று எண்ண வேண்டாம்.

சாம்பல் எல்லா வீட்டிலும் கிடைப்பது, ஆனால் நிறைய வேண்டும். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு உழவர்களுக்குச் சொல்லப்பட்ட முறை 4 பங்கு தட்டைப்பயறுக்கு 3 பங்கு சாம்பல், எடையில் அல்ல, படியளவில். நம் வீடுகளில் ஒரு கை சாம்பலைத் தூவிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வது இந்த அளவு தெரியாததால்தான். இடுக்குகளையெல்லாம் சாம்பல் அடைத்தால்தான் வண்டு நகர முடியாமல், இணை தேட முடியாமல் போகும். சுத்தமான விறகு எரித்த சாம்பல் மட்டும், ஆறவைத்து மெல்லிய சல்லடையில் சலித்தது. குப்பை, பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பலகை எரிந்த சாம்பல் ஆகாது. அரிசி ஆலை கொதிகலனிலிருந்து வரும் உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி என்று சிலர் தேடிப்போகிறார்கள். கடும் வெப்பத்தில் எரிந்த உமியிலும் படிகச் சிலிக்கா உண்டாகும் என்பதால் நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

செம்மண் கட்டுவது துவரைக்கு மட்டும். உரமும் மருந்தும் படாத இடத்தில், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு எடுத்த செம்மண்ணைச் சலித்துத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, துவரை மேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி பிசறி வெயிலில் காயப்போடுவார்கள். பூச்சு விதைத் தோலை மூடிவிடுவதால் வண்டு முட்டை ஒட்ட வழியில்லை, புழுவும் எளிதில் துளைக்காது. பருப்பு உடைக்கும்போது தோலோடு மண்ணும் போய்விடும். நல்ல முறைதான். ஆனால் காய்ந்த விதைக்கு மறுபடி தண்ணீர் காட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. மண் காய்ந்தால் போதாது, உள்ளே பருப்பும் காய வேண்டும். குறைந்தது மூன்று நான்கு முழு வெயில் கிடைக்கும் நாட்கள் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். மலைக்கு இந்த முறை ஒத்துவராது.

சுண்ணாம்பைத் தானியத்தில் கலக்காதீர்கள், அது கையையும் வாயையும் அரிக்கும். அதன் வேலை சுவரில்: சேமிக்கும் அறையின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் பழைய வண்டுகளுக்கு ஒளிய இடம் இராது. கோலமாவு, முகப்பவுடர், போரிக் பவுடர், எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் எதுவும் உணவுப் பொருளில் சேரவே கூடாது. கடைசி இரண்டும் நஞ்சு.

ஆமணக்கெண்ணெய் தடவிப் பயறு வைப்பதும் நல்ல பழைய முறைதான். ஆனால் எண்ணெய், பொடி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் குடித்த தூள் வண்டின் மெழுகை உறிஞ்சாது.

கலக்கும் நாள்

வெயில் உள்ள, காற்று அடங்கிய நாளாக இருக்கட்டும். திறந்த இடத்தில் செய்யுங்கள். அறைக்குள் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு செய்தால் தூள் முழுக்க மூச்சில்தான் போகும். என்95 முகக்கவசம் கட்டாயம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இந்த அளவு நுண்ணிய தூளைத் தடுக்காது. கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அருகில் வேண்டாம்.

வைக்கப்போகும் பாத்திரத்தை முந்தின நாளே தயாராக்குங்கள். டின், டிரம், பானை எதுவானாலும் பழைய தானியம் ஒரு மணிகூட இல்லாமல் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பழைய சாக்கின் தையலில்தான் போன ஆண்டு வண்டு உட்கார்ந்திருக்கும். கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து நன்றாக உலர்த்துங்கள், இல்லாவிட்டால் புதுச்சாக்கு வாங்குங்கள்.

கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் பாதிக்கு மேல் நிரப்பாமல் பயறைப் போட்டு, அதற்குரிய பொடியை இரண்டு மூன்று தடவையாகத் தூவி, மூடித் தரையில் படுக்கவைத்து ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். வாளி நிறைய இருந்தால் உள்ளே புரளாது, பொடி ஒரு பக்கமே தங்கும். திறப்பதற்கு முன் தூள் அடங்கச் சற்று விடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விதையிலும் மங்கலான வெள்ளைப் பூச்சு தெரிய வேண்டும். ஒன்றிரண்டில் திட்டாகவும் மற்றதில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் இன்னும் உருட்டுங்கள். மூட்டைக் கணக்கில் செய்கிறவர்கள் தார்ப்பாயில் பரப்பி, இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து மாற்றி மாற்றிப் புரட்டலாம். பொடியின் மேல் தண்ணீர் தெளித்து ஒட்டவைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது.

பாத்திரத்தில் கொட்டும்போது அடியிலும் உச்சியிலும் சிட்டிகை கூடுதலாகத் தூவுங்கள். வண்டு முதலில் வருவதும் கடைசியில் ஏறுவதும் மேல்பக்கம்தான். பானையில் வைத்தால் மேலே மூன்று விரற்கடை உயரத்துக்குச் சலித்த உலர்ந்த மணலோ சாம்பலோ பரப்புவது இன்னொரு காவல்.

வைத்தபின்

சுவரை ஒட்டாமல், தரையைத் தொடாமல், பலகை அல்லது கட்டையின் மேல் வையுங்கள். மலையில் சாக்கு மட்டும் போதாது. சாக்குக்குள் தடித்த பாலித்தீன் உறையோ, ரப்பர் வளையம் உள்ள டின்னோ வேண்டும். நன்றாகக் காய்ந்ததை மட்டும்தான் இப்படிக் காற்றுப் புகாமல் அடைக்கலாம், ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடிக்கடி திறந்து அள்ளும் டின்னில் மொத்தத்தையும் வைக்காமல், மாதச் செலவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே, நடுவில், அடியில் இருந்து ஒரு பிடி எடுத்துச் சல்லடையில் தட்டிப் பாருங்கள். செத்த வண்டு விழுந்தால் கவலை வேண்டாம். கலந்து ஒரு மாதம் ஆனபிறகும் உயிருள்ள வண்டு வந்துகொண்டே இருந்தால், புதுத் துளையும் தெரிந்தால், ஈரம் ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பொடியை மேலும் மேலும் கொட்டாமல், எல்லாவற்றையும் வெயிலில் கொட்டிச் சலித்துக் காயவைத்து, முன்பு சொன்னபடி பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் சூடாக்கி, ஆறவைத்து, புதிதாகப் பொடி கலந்து வையுங்கள். பெரிய அளவில் வைக்கிறவர்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளையிட்ட குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே வண்டு அதற்குள் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

சமைக்க எடுக்கும்போது, வெளியில் நின்று, காற்று நம்மைவிட்டுப் போகும் பக்கம் பார்த்துப் புடையுங்கள். பிறகு தண்ணீர் தெளிவாகும்வரை மூன்று நான்கு முறை கழுவினால் பயறில் பொடி நிற்காது. சோளத்தை அரைக்கக் கொடுப்பதானால் கழுவி உலர்த்திய பிறகு கொடுங்கள். தூளோடு கொடுத்தால் ஆலைக்காரரின் கல்லும் தேயும், மாவும் நரநரக்கும்.

விதையைக் கழுவத் தேவையில்லை, பொடியோடே விதைக்கலாம். ரைசோபியம் போன்ற உயிர் உரம் நேர்த்தி செய்வதானால் மட்டும் பொடியைப் புடைத்து நீக்கிவிட்டுச் செய்யுங்கள். ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு 100 விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துவாருங்கள். ஐந்தாறு நாளில் 75க்கு மேல் முளை விட்டால் வழக்கமான அளவே விதைக்கலாம். அதற்குக் கீழே என்றால் விதையின் அளவைக் கூட்டுங்கள், பாதிக்கும் குறைவு என்றால் வேறு விதை தேட அந்த ஒரு வாரம் கையில் இருக்கும்.